நடக்கும் உரிமையும் ஒரு சாண் உயரமும்
பாண்டி பஜார்த் தெருவின் நூறாண்டு வரலாறு

தெரு என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. மறுகு, ஆவணம், வீதி என அதற்கு உறவுச் சொற்களும் பல உண்டு. பகலில் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பெயர் சுட்டி வழங்குகிறது. புகார் நகரத்து நாளங்காடி மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரச்சோலையின் நிழலில் அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். நம் புலவர்கள் தெருவைப் பாடியபோதெல்லாம் அதில் நிறைந்து சென்ற மக்களைப் பாடினார்கள். அத்தெருவுக்கு வர இயலாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் யார் என்பது கவிஞர் கண்ணில் எளிதில் படுவதன்று. வராதவரைப் பற்றிக் கேட்பது வரலாறு எழுதுவோனின் கடமை.

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் பணித்தபோது, பேரரசுகளையும் கல்வெட்டுகளையும் விட்டுவிட்டு ஒரு கடைத்தெருவின் கல் பாவிய கதையை எடுத்துக்கொண்டேன். மாதந்தோறும் நம்மில் பலர் கூட்டத்துக்கு நடந்து வருகிற தெரு அது. சர் தியாகராயா சாலை என்பது அதன் பெயர்; அதில் பனகல் பூங்காவை ஒட்டிய பகுதியை ஊரார் பாண்டி பஜார் என்பர்.

ஏரி ஊரான கதை

இத்தெரு ஓர் ஏரியின் மடியில் பிறந்தது. நுங்கம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் தொட்டுக்கொண்டு வடக்குத் தெற்காக நீண்டு கிடந்த நீர்நிலையை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றனர். 1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நகரின் நெருக்கடி மேற்கே பரவ இடம் தேடிய காலம் அது. 1923 முதல் 1925 வரையிலான ஆண்டுகளில் மாம்பலம் பக்கத்து ஏரி வடிக்கப்பட்டு, புதிய குடியிருப்பு ஒன்று வரைபடத்தில் கோடு கிழித்து அமைக்கப்பட்டது. நடுவே ஒரு பூங்கா; அதிலிருந்து கதிர்களைப் போல் விரியும் அகன்ற தெருக்கள். பழைய ஊர்கள் கோயிலைச் சுற்றியோ கோட்டையைச் சுற்றியோ வளர்ந்தவை. இவ்வூரோ பூங்காவைச் சுற்றி எழுந்தது.

அப்போது மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. ஆகவே ஊரின் பெயர்களும் அக்கட்சியின் வரலாறாகவே அமைந்தன. சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கிய சர் பிட்டி தியாகராயர் பெயரை ஊரும் தெருவும் ஏற்றன. முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு வாய்த்தது. நடேசனார் பூங்காவும் டாக்டர் நாயர் சாலையும் உஸ்மான் சாலையும் அக்காலத் தலைவர்களை நினைவூட்டுவன. இப்பெயர்களை நாம் பேருந்து நடத்துநர் குரலில் கேட்டுப் பழகிவிட்டோம். அவற்றின் பின்னால் நிற்கும் காலத்தை மறந்துவிட்டோம்.

ஒரே ஆண்டுகளின் இரண்டு செயல்கள்

மாம்பலத்தில் ஏரியை வடித்துத் தெருக்களுக்கு மண் கொட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கோட்டையில் தெருவைப் பற்றிய வேறொரு செயல் நிகழ்ந்தது. 1924 ஆகஸ்டு 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். எந்த வகுப்பினரும் எந்த ஊரிலும் பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் நடந்து செல்வதற்குத் தடை இல்லை. பொதுக்கிணறு முதலியவற்றைப் பயன்படுத்தவும் தடை இல்லை என்பது அதன் சாரம். அவை அதனை ஏற்றது. அரசு ஆணையாக வெளியிட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கான அறப்போர் தொடங்கியிருந்தது. ஈ.வெ.ரா. பெரியார் அங்கே சென்று இருமுறை சிறைப்பட்டார்.

தெருவில் நடக்கலாம் என்று ஒரு சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர் வியப்போடு படிப்பர். ஆனால் தெரு என்றும் இயல்பாகவே பொதுவாக இருந்ததில்லை, போராடியே பொதுவாக்கப்பட்டது. அந்த ஆணை வந்த மறுநாளே எல்லாத் தெருக்களும் திறந்துவிடவும் இல்லை. ஏட்டில் எழுதிய உரிமை காலடிக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. சில ஊர்களில் இன்னும் வந்து சேரவில்லை.

பாண்டி பஜார் என்னும் பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. புதுச்சேரியிலிருந்து வந்த வணிகர் கடை வைத்ததால் வந்த பெயர் என்பார் உண்டு. பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்தது என்பது மற்றொன்று. தெருவின் முறையான பெயரும் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதே. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக 1920-களின் இறுதியில் அவர் இருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுப்போரின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். வண்டியில் ஏறவும் தெருவில் நடக்கவும் எல்லார்க்கும் உரிமை உண்டு என்பதை ஆணையாக்கியவரின் பெயரைத் தாங்கும் அங்காடி இது. அப்பெயருக்கு இத்தெரு தகுதியாக நடந்துகொண்டதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நடப்போர் இழந்த இடம்

குடியிருப்புத் தெரு கடைத்தெருவாகக் காலம் பிடிக்கவில்லை. துணிக்கடையும் பாத்திரக்கடையும் நகைக்கடையும் பெருகப் பெருக, பண்டிகைக் காலங்களில் தமிழகம் முழுவதும் இங்கே திரண்டு வரும் நிலை உண்டாயிற்று. தெருவின் அகலம் மட்டும் மாறவில்லை. அந்த அகலத்துக்குள் மகிழுந்து வந்தது. இருசக்கர வண்டி வந்தது. இருபுறமும் அவை நிறுத்தப்பட்டன. எஞ்சிய ஓரத்தில் வளையலும் பொட்டும் பூவும் செருப்பும் விற்போர் கடை விரித்தனர். நடந்து வந்தவர் வண்டிகளுக்கு நடுவே இறங்கினார். வந்தவரில் மிகப் பலர் நடந்து வந்தவரே. இடம் மிகக் குறைவாக வாய்த்ததும் அவர்க்கே.

இவ்விடத்தில் நடைபாதை வணிகரை மட்டும் குற்றம் கூறுதல் எளிது, நேர்மையன்று. ஒரு மகிழுந்து நிற்கும் இடத்தில் மூன்று குடும்பங்கள் பிழைக்கும் கடைகள் அமையும். ஆயினும் வண்டியை ஆக்கிரமிப்பு என்று எவரும் அழைத்ததில்லை, பூக்கூடையை அழைத்தார்கள். நெடிய நீதிமன்ற வழக்குகளுக்குப் பின், 2013-இல் இத்தெருவின் வணிகர் அங்கேயே கட்டப்பட்ட பன்மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். மாடிக்கு ஏறிய கடையைத் தேடி, வழியில் போகிறவர் ஏறி வருவாரா என்பது அவர்களின் கவலையாக இருந்தது. தெருவோர வணிகரின் வாழ்வுரிமையைக் காக்கும் மையச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு, 2014-இல்தான் வந்தது. நடப்பவரின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம். அதை மறைத்து எழுதலாகாது.

கல்லைப் பெயர்த்துக் கல் பாவியது

2014-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. இந்திய நகரங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் ஏற்றது சென்னையே என்பர். போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் 60 விழுக்காட்டையேனும் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் செலவிட வேண்டும் என்று அது கூறியது. 2016-இல் சீர்மிகு நகரத் திட்டத்தின் முதற்பட்டியலில் சென்னை இடம்பெற்றது; தியாகராய நகர் அதற்குரிய பகுதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தின் பணி இவ்வாறு தொடங்கி, 2019 நவம்பரில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமியால் திறந்துவைக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 40 கோடி ரூபாய்.

வண்டிகளை அறவே விலக்கும் எண்ணம் தொடக்கத்தில் பேசப்பட்டது. முடிவில் நடுவே குறுகிய வண்டிப்பாதையும் இருபுறமும் அகன்ற நடைபாதையும் நிலைத்தன. வண்டி நிறுத்த இடம் குறைந்தால் வணிகம் குறையும் என்ற அச்சம் இங்கும் எழுந்தது. இவ்வச்சம் உலகெங்கும் ஒரே குரலில் ஒலிப்பது. 1962-இல் கோபன்ஹேகன் நகரின் ஸ்ட்ரோகெட் தெருவை நடப்போர்க்கு ஒதுக்கியபோதும் கடைக்காரர் இதையே கூறினர். 1972-இல் பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரில் மேயர் ஜெய்மி லெர்னர், எதிர்ப்பு மூளுமுன் முடித்துவிட வேண்டும் என்று ஒரு வார இறுதியில் கடைத்தெருவைப் பெயர்த்து நடைவீதியாக்கினார். பழையபடி வண்டிகளை உள்ளே செலுத்துவோம் என்று சிலர் கிளம்பியபோது, தெருவில் நீளமாகத் தாள் விரித்துக் குழந்தைகளை அமர்த்தி ஓவியம் தீட்டச் செய்தார். வண்டிகள் திரும்பிப் போயின. இரு நகரங்களிலும் வணிகம் குறையவில்லை; வளர்ந்தது.

ஒரு தெருவை மீண்டும் பாவுவது மேலே கல் பதிக்கும் வேலை மட்டுமன்று. முதலில் தெருவின் அடிவயிற்றைத் திறக்க வேண்டும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி ஆகியவற்றை ஒழுங்கு செய்யாமல் மேலே கல் பாவினால், மறு திங்களே எவரேனும் கடப்பாரையோடு வருவர். பின்னர் மழைநீர் வடிகால். அதன் மேல் கெட்டித்த சல்லிப் படுகை. அதன் மேல் மணல். மணலின் மேல் கல். நடைபாதை நீர் தேங்காத அளவுக்குச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும்; ஊன்றுகோல் வழுக்கும் அளவுக்குச் சாய்ந்துவிடவும் கூடாது. கல் வழவழப்பாக இருந்தால் கண்ணுக்கு அழகு, மழைநாளில் முதியவர்க்கு ஆபத்து. இவையெல்லாம் திறப்பு விழா மேடையில் பேசப்படுவதில்லை. நடப்பவரின் முழங்கால் அவற்றை அறியும்.

பழைய சாலையைச் சுரண்டியெடுக்காமல் அதன்மேலேயே தார் ஊற்றும் வழக்கத்தால் சென்னையின் தெருக்கள் ஆண்டுதோறும் உயர்ந்தன, வாசற்படிகள் தாழ்ந்தன. மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார்.

ஒரு சாண் உயரம்

நடைபாதை அகலமாகிவிட்டது. யாருக்கு என்பதே அடுத்த கேள்வி.

சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறும் ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நெறி. நடக்க ஒழிந்த இடம் 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டும் என்றும் அது கூறும். நம் ஊர்களின் பழைய நடைபாதைகளில் ஓரக்கல் ஒரு சாணும் அதற்கு மேலும் உயர்ந்து நிற்பதை நாம் அறிவோம். நலமுள்ளவர் அதை எண்ணாமல் ஏறிவிடுவார். முழங்கால் தேய்ந்த மூதாட்டிக்கு அது படி. கைக்குழந்தையை வண்டியில் தள்ளி வரும் தாய்க்கு அது மேடு. சக்கர நாற்காலியில் வருபவர்க்கு அது சுவர்.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே நடைபாதை ஓரங்களைச் சரிவாக வெட்டி அமைக்க வேண்டும் என்று கூறியது. ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்றொரு தொடரும் அதனுடன் இருந்தது. 1924-இன் தீர்மானத்தைப் போலவே அதுவும் ஏட்டில் நெடுநாள் உறங்கியது. 2016-இல் வந்த புதிய சட்டம் அணுகுதலை உரிமையாக்கியது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025 மே திங்களில் கூறிற்று.

பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் புடைப்புக் கற்களை நாம் தொடர்வண்டி நிலையங்களில் மிதித்திருப்போம். அவற்றை 1965-இல் ஆக்கியவர் ஜப்பானியரான செய்ச்சி மியாக்கே. 1967 மார்ச்சு 18 அன்று ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் ஒரு சாலைக் கடப்பில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட கோடு என்றால் நடக்கலாம். வட்டப் புள்ளிகள் என்றால் நிற்க வேண்டும். காலால் படிக்கும் எழுத்து என்று அதைக் கூறலாம். அந்த எழுத்திலும் இலக்கணப் பிழை நேர்வதுண்டு. கோடு ஒரு மரத்தின் அடியிலோ மின்கம்பத்திலோ போய் முட்டினால், படிப்பவர் நெற்றியில் அடிபடும்.

சரிவுப்பாதைக்கும் அளவு உண்டு. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். செங்குத்தான சரிவு, படியைவிடக் கொடியது. வண்டிகள் ஏறாதிருக்க நடும் குட்டைத் தூண்களுக்கும் அளவு உண்டு. இருசக்கர வண்டி புகக்கூடாது என்று நெருக்கி நட்டால் சக்கர நாற்காலியும் புக முடியாது. 90 சென்டிமீட்டர் இடைவெளியேனும் விட்டால் நாற்காலி புகும், வண்டியும் புகும். இந்தச் சிக்கலைத் தூணால் மட்டும் தீர்க்க இயலாது; நடைபாதையில் வண்டி ஓட்டக் கூசும் மனம் வேண்டும்.

சாதியால் தெரு மறுக்கப்பட்டதையும் கல்லால் தெரு மறுக்கப்படுவதையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. முன்னது பகையால் எழுந்தது. பின்னது பெரும்பாலும் கவனமின்மையால் நேர்வது. முன்னதில் ஒருவரின் மானம் நாள்தோறும் மிதிக்கப்பட்டது. ஆயினும் இரண்டிலும் ஒன்று பொது: தெரு எல்லார்க்கும் உரியது என்று சட்டம் சொல்லிக்கொண்டிருக்க, ஒருவர் வாசலில் நின்றபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏரியின் நினைவு

2021 நவம்பர்ப் பெருமழையில் தியாகராய நகர்த் தெருக்கள் வெள்ளத்தில் நின்றன. புதிதாகக் கல் பாவிய இடங்களையும் நீர் விட்டுவைக்கவில்லை. சீர்மிகு நகரத் திட்டப் பணிகளை ஆராய அரசு 2022-இல் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. நூறாண்டுக்கு முன் வடித்த ஏரி தன் இடத்தை மறப்பதில்லை. நீருக்கு வழி விடாத தெரு நடப்பவர்க்கும் வழி விடாது. முழங்கால் நீரில் ஓரக்கல்லும் தெரியாது, புடைப்புக் கல்லும் தெரியாது. அழகுக்குக் கல் பதிப்பதற்கு முன் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வேண்டும் என்பதே இத்தெரு கற்பித்த பாடம்.

2023 மே திங்களில் மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. நெரிசலுக்கு அது பெருந்துணை. எனினும் நடப்பவரை மேலே ஏற்றுவது ஒரு வழி. அவருக்குத் தரையைத் திருப்பித் தருவது மற்றொரு வழி. மின்தூக்கி நின்றுபோகும் நாளில் முன்னது கைவிடும். தரை கைவிடாது.

நம் வாசற்படி

பாண்டி பஜார் குறையற்ற தெருவன்று. பெயர்ந்த கற்கள் உண்டு. நடைபாதையில் ஏறும் வண்டிகள் உண்டு. ஆனால் மாலையில் அங்கே சென்று நிற்பவர், முன்பு காணாத சிலரைக் காண்பார். இருக்கையில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் நடக்கும் முதியவர். பேரனின் கையைப் பிடிக்காமல் அவனை முன்னே ஓடவிட்டு வரும் பாட்டி. தம் சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு கடைக்கண்ணாடியில் விலை பார்க்கும் இளம்பெண். இவர்கள் புதிதாகப் பிறந்தவர்கள் அல்லர். இந்நகரத்திலேயே இருந்தவர்கள், தெரு அவர்களை வரவிடாமல் இருந்தது.

அப்படி வராமல் போன ஒருவரை நாமும் அறிவோம். நம் வட்டத்தின் முதற்கூட்டத்தில் கவிதை படித்த மூத்த கவிஞர் அவர். பெயரை எழுதினால் கூசுவார்; எழுதவில்லை. கால் தளர்ந்த பிறகும் ஊன்றுகோலோடு பாண்டி பஜாரின் இருக்கைகளில் அமர்ந்து அமர்ந்து நம் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டாண்டுகளாக அவர் வருவதில்லை. உடல்நலம் இல்லை என்று நாம் நமக்குள் சொல்லிக்கொண்டோம். சென்ற திங்கள் இக்கட்டுரைக்காக அவரைக் காணச் சென்றேன். “தெரு வரைக்கும் வந்துவிடுவேன் தம்பி. உங்கள் மாடிப்படிதான் இருபத்திரண்டு” என்றார். அவர் எண்ணி வைத்திருந்தார். பத்தாண்டுகளாக ஏறி இறங்கிய நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

தெருவைக் குறை கூறிக் கட்டுரை எழுத வந்தவனுக்கு அந்த எண் போதுமானதாயிற்று. கல் பாவுவோர் செய்ய வேண்டியது நிரம்ப உண்டு; அவற்றை மேலே கூறினேன். நம் கையில் உள்ளது சிறிது. பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தைத் தரைத்தளத்தில், படியில்லாத ஓரிடத்தில் கூட்டுவோம் என்று இம்மலரின் வாயிலாக உறுப்பினர் அனைவரையும் வேண்டுகிறேன். அன்றைய கவியரங்கை அவர் தொடங்கிவைக்கட்டும்.